லயத்துக்குப் பின்னால் குழி வெட்டலாமா?

வரட்சி தொடங்கினால் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், லயம் என்ற வரிசை வீடுகளில் இருப்பவர்கள் எங்களிடம் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். "சேர், லயத்துக்குப் பின்னால பெரிய குழியா வெட்டி மழைத்தண்ணிய இறக்கினா பீலியில தண்ணி நிக்காம வருமா?" பீலியில், அதாவது ஊற்றுத் தண்ணீர் விழும் குழாயில், வரலாம். ஆனால் குழி வெட்டும் இடம் அது இல்லை.

மலையகத்தின் அடியில் இருப்பது பெரும்பாலும் கடினப் பாறை. வெடிப்புகளை விட்டால் அதற்குள் தண்ணீருக்கு இடமில்லை. மேலே உக்கிய பாறையும் மண்ணுமாகக் கிடக்கும் படையில்தான் மழைநீர் தங்குகிறது. அங்கும் நிற்காது, சரிவோடு கீழே ஊர்ந்து ஊற்றாகக் கசிந்துவிடும். ஆகவே கிணற்று மட்டத்தை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். மழை விட்ட பிறகு ஊற்று எத்தனை வாரம் தாக்குப்பிடிக்கிறது என்று பாருங்கள். பீலியில் வாளி நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறதென்று வாரம் ஒரு தடவை எழுதி வைத்தால் போதும்.

நிலத்தடி நீர்மட்டம் உயர்வதே ஆபத்தாகும் இடங்களும் உண்டு. மண்ணுக்குள் நீரழுத்தம் கூடினால் சரிவின் பிடி தளரும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது கடும் மழைக்குப் பிறகுதான். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரென்று கலங்கி வரும் ஊற்று என்று எது தெரிந்தாலும் அங்கே தண்ணீரை இறக்கவே கூடாது, கான் (வடிகால்) வெட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். சந்தேகம் என்றால் மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் முதலில் கேளுங்கள்.

அப்புறம் தரம். மழைநீரில் உப்பு குறைவு என்பதால் கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றை (உரத்திலும் எருவிலும் இருந்து வரும் நைதரசன் உப்பை) அது ஐதாக்கும். ஆனால் உரமும் கோழி எருவும் கொட்டிய மரக்கறித் தோட்டத்தின் வழியாக இறங்கினால் நைத்திரேற்றையும் சேர்த்துக் கீழே கொண்டுபோகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது; தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். மலசலகூடக் குழிக்குப் பக்கத்திலும் வெட்டாதீர்கள். கூரைத் தண்ணீரை நேராகக் குழாய்க்கிணற்றுக்குள் விடுவது என் பார்வையில் மிக மோசமான யோசனை. மண் வடிகட்டாத அழுக்கு அப்படியே பாறை வெடிப்புக்குள் போய்விடும்.

எனக்குப் பிடித்தது பழைய வழிதான். உறுதியான மேல்சரிவில், சமஉயரக் கோட்டை (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோட்டை) ஒட்டிய கான். அதில் இடைக்கிடை சேறு தங்கும் சிறு குழிகள். ஓடும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவலாக இறங்கும், ஒரே இடத்தில் பாரம் ஏறாது. இப்போது பல தோட்டங்களில் இவை தூர்ந்து கிடக்கின்றன. குழியின் அடியில் விரல் கனத்துக்கு வழுவழுப்பான சேறு படிந்தாலே தண்ணீர் இறங்காது, நின்று நுளம்புதான் பெருகும். பதுளைப் பக்கம் ஒக்டோபர் மழைக்கு முன்னும், ஹட்டன் பக்கம் மே மாத மழைக்கு முன்னும் அந்தச் சேற்றை வழித்தெடுத்துவிடுங்கள்.