லட்டாக்கியா: சொல் விளக்கம்

பைப்பில் புகைபிடிக்கும் பலர், நல்லநாள் பெரியநாளுக்கென்று ஒரு புகையிலை டப்பாவைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள். அதன் மேல் அடிக்கடி காணக்கிடைக்கும் சொல் லட்டாக்கியா. இதைச் செடியின் ரகம் என்று நினைப்பவர்கள் உண்டு, கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டுமே இல்லை. லட்டாக்கியா என்பது ஓர் ஊர்; சிரியாவின் மத்தியதரைக் கடற்கரையில் உள்ள துறைமுகம். அங்கே கப்பலேறிய சரக்குக்கு ஊர்ப்பெயரே பெயராக நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்துப் புகையிலை கேரளத்துக்குப் போய் ‘ஜாப்பாணம்’ ஆனதும் இதே வழியில்தான்.

ஊர்ப்பெயரின் கதை இன்னும் பழையது. மகா அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவரான செலூக்கஸ் நிகேட்டர் தன் தாய் லவோதிக்கேயின் பெயரால் அந்த நகரத்துக்கு லவோதிக்கேயா என்று பெயர் வைத்தார். சந்திரகுப்த மௌரியரோடு உடன்படிக்கை செய்துகொண்டவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அவரேதான். கிரேக்கப் பெயர் அரபியில் அல்-லாதிகிய்யா ஆகி, ஐரோப்பிய வாய்களில் லட்டாக்கியா ஆனது. ஆக, டப்பாவின் மேல் இருப்பது ஒரு ராஜமாதாவின் பெயர். புகையிலையைக் கனவிலும் கண்டிருக்க மாட்டாள்; அந்தச் செடி அமெரிக்காவிலிருந்து வந்ததே பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

சரி, அந்த இலையில் என்ன விசேஷம்? புகைதான். வெயிலில் உலர்ந்த இலையை மூடிய கொட்டகைக்குள் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டு, கீழே விறகும் வாசனைப் புதர்களும் போட்டுக் கனலவிடுவார்கள். தீ எரியக் கூடாது, புகைய வேண்டும். கருவாலி (ஓக்), பைன் போன்ற மரங்களும் மிர்ட்டில் என்னும் நறுமணப் புதரும் இதற்குப் பயன்பட்டன. வாரக்கணக்கில் புகை குடித்து இலை கருத்துப்போகும். டப்பாவைத் திறந்ததும் அணைந்த விறகடுப்பும் புதுத் தோலும் சாம்பிராணியும் கலந்தாற்போல் ஒரு வாசம் எழும். இன்று சந்தைக்கு வருவது பெரும்பாலும் சைப்ரஸ் தீவில் செய்தது. பெயர் மட்டும் சிரியாவிலேயே நிற்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது? ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ‘லட்டாக்கியாப் புகையிலை’ போதும். ஆனால் வகையைச் சொல்ல வேண்டுமானால் ‘புகையூட்டிய புகையிலை’ என்பது என் தேர்வு. புகை இரண்டு முறை வருகிறதே என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது குறையாகப் படவில்லை: முதல் புகை இலை குடித்தது, இரண்டாவது நாம் விடுவது. ‘நறுமணப் புகையிலை’ என்று எழுதினால்தான் தவறு. அது வெனிலா, செர்ரி என்று மேலே வாசனை சேர்த்த வேறு வகையைக் குறிக்கும். லட்டாக்கியாவின் மணம் இலையைப் பதப்படுத்தும்போதே உள்ளே இறங்கியது. யாழ்ப்பாணத்திலும் புகையிலைக்குப் புகை போடுவது உண்டு என்பதால், இந்த வேலை தமிழுக்குப் புதிதும் அல்ல. அப்புறம், பைப்புக்கு ‘சுங்கான்’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. கப்பலின் சுக்கானோடு குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

லட்டாக்கியாவைத் தனியாகப் புகைப்பவர்கள் குறைவு. இனிப்பான வர்ஜீனியா இலை, வெயிலில் காய்ந்த துருக்கிச் சிற்றிலை இவற்றோடு சேர்ந்தால் அதற்கு ‘ஆங்கிலக் கலவை’ என்று பெயர். இங்கிலாந்தில் விளைந்தது எதுவும் அதில் இல்லை! ‘மிக்ஸ்சர்’ என்றும் எழுதியிருப்பார்கள்; நம் ஊரில் அந்தச் சொல்லை ஓமப்பொடியும் கடலையும் எடுத்துக்கொண்டுவிட்டதால் ‘கலவை’யே மேல்.

விசேஷத்துக்கு எந்தக் கலவை? கூட்டத்தின் நடுவே என்றால் லட்டாக்கியா வேண்டாம். புகைப்பவருக்குச் சாம்பிராணியாக இருப்பது பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தீப்பிடித்த வைக்கோல். விருந்து முடிந்து, பிடிக்கும் ஆட்கள் இரண்டு பேர் மட்டும் திறந்தவெளியில் உட்காரும் நேரம்தான் அதற்குப் பொருத்தம். ஈரம் அதிகமிருந்தால் இலையைக் கொஞ்ச நேரம் தாளில் பரப்பி உலரவிட வேண்டும். சுங்கானின் கிண்ணத்தில் அடியில் தளர்வாகவும் மேலே சற்று இறுக்கமாகவும் நிரப்ப வேண்டும். முதல் நெருப்பில் இலை உப்பி எழும்; மெல்ல அமுக்கிவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் நாக்கு எரியும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காமல் வாயிலேயே சுவைத்து விடுவதுதான் வழக்கம். அதனால் வாய்ப்புற்று ஆபத்து நீங்கிவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம்.

இதற்கென்று ஒரு சுங்கானைத் தனியாக ஒதுக்கிவிடுவது நல்லது. லட்டாக்கியாவின் வாசம் கிண்ணத்தின் மரத்தில் ஏறிவிட்டால் லேசில் போகாது. அடுத்து நிரப்பும் மென்மையான வர்ஜீனியாவிலும் விறகடுப்பு வாசம்தான் வரும்.