கேஸ் ஷீட்டில் ஒரு வரி

காலை ரவுண்ட்ஸ். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு மூன்று மாதத்தில் மூன்றாவது முறையாக அட்மிட் ஆகியிருந்தார் அந்த அம்மா. பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டைப் பார்த்துப் படித்தார்: "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடாதவர். எவ்வளவு சொல்லியும் ஒத்துழைப்பு இல்லை." கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போன தடவை டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்த வரி அது, அப்படியே எடுத்து எழுதப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய தடவையும் அதே வரிதான்.

எந்த மாத்திரையை விட்டார் என்று கேட்டேன். தெரியவில்லை. ஏன் விட்டார்? அதுவும் தெரியவில்லை. சரி, ரவுண்ட்ஸ் முடிந்ததும் அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம்.

கேட்டுவிட்டு வந்தபோது அந்தப் பையனின் முகமே மாறியிருந்தது. "மேடம், மத்ததெல்லாம் சரியா சாப்பிடுறாங்க. நீர் மாத்திரையை மட்டும்தான் விடுறாங்க. காலையிலேர்ந்து மூணு மணி வரைக்கும் தெருவுல வேலை. பக்கத்துல கழிப்பறையே கிடையாது. மாத்திரை போட்டா அடிக்கடி போகணும். அதனால வேலை நாள்ல போடறதில்ல."

ஃபுரோசமைடு என்ற அந்த நீர் மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும். ராத்திரித் தூக்கம் கெடக்கூடாது என்பதால் காலையில் போடச் சொல்லி எழுதுவது வழக்கம். இந்த அம்மாவுக்கு, வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போடும்படி நேரத்தை மாற்றினோம். அவ்வளவுதான். புதிய மருந்து இல்லை, புதிய பரிசோதனை இல்லை. மூன்று அட்மிஷனாக யாரும் கேட்காத ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது.

பயிற்சி மருத்துவர்களுக்கு சுகாதார சமநீதி பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். நல்லதுதான். எல்லாருக்கும் ஒரே மாத்திரை, ஒரே நேரம், ஒரே அறிவுரை என்றால் பார்க்கச் சமமாகத்தான் தெரியும். சமநீதி கேட்பது அதற்கு மேல் ஒரு படி: இந்த ஆளுக்குக் குறுக்கே நிற்பது எது என்று பார்த்து, நம்மால் முடிந்ததை அகற்றுவது. அதோடு சேர்ந்து வருவது துணை நிற்றல். தன் பேச்சு எடுபடாத இடத்தில் இருப்பவருக்காக, எடுபடும் இடத்தில் இருப்பவர் வாய் திறப்பது.

இதையெல்லாம் வகுப்பறையில் அழகாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒன்று எழுதினார். நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது என்றார். மாணவர்கள் பரீட்சையில் இதை ஒரு பிழை இல்லாமல் எழுதுவார்கள். அப்புறம் அதே கையால் கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பு இல்லை" என்றும் எழுதுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எழுதும் விதத்தை வார்டில் எங்களைப் பார்த்துத்தான் கற்கிறார்கள்.

அந்த ஒரு வரி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்வேன். 2018இல் வெளியானது, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துவிடும் அரிவாள் செல் நோயால் கடும் வலியோடு வந்த ஒரே நோயாளியின் குறிப்பை இரண்டு விதமாக எழுதினார்கள். ஒன்றில் சாதாரண சொற்கள், இன்னொன்றில் நோயாளியைச் சந்தேகிக்கும், குறை சொல்லும் சொற்கள். மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். குறை சொல்லும் குறிப்பைப் படித்தவர்களுக்கு அந்த நோயாளி மேல் நல்ல எண்ணம் குறைந்தது. வலிக்குக் கொடுக்கத் தீர்மானித்த சிகிச்சையும் குறைந்தது. ஆக, நாம் எழுதும் வரி அடுத்த ஷிப்ட் மருத்துவரின் கையைப் பிடித்து இழுக்கிறது.

கருவிகளையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கச் சொல்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்க விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020இல் அமெரிக்காவின் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிக்கொண்டிருந்தபோதே ரத்தப் பரிசோதனையில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்கும் கீழே இருந்த நிலை, வெள்ளையரைவிட கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தெரிந்தது. தோலின் நிறமி கருவியின் ஒளியைப் பாதிக்கிறது. நோயாளி மூச்சு முட்டுகிறது என்கிறார், திரை 94 என்கிறது. அப்போது யாரை நம்புவது என்பதும் துணை நிற்றல்தான். கருத்த தோல் உள்ளவர் என்றால் தமனி ரத்தத்தை எடுத்துப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஆனால் துணை நிற்பது நோயாளிக்கு மட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. என்னால் மறக்க முடியாத ஒரு ரவுண்ட்ஸ் அது. ஒரு நோயாளி, எங்கள் பயிற்சி மருத்துவரைக் கையால் விலக்கி, "இவங்க எல்லாம் என்னைத் தொட வேண்டாம், வேற டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார். "இவங்க எல்லாம்" என்பதன் பொருள் அங்கே நின்ற எல்லாருக்கும் புரிந்தது. நான் பேச்சை மாற்றி, நானே பரிசோதித்து, அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். பிறகு அந்தப் பயிற்சி மருத்துவரைத் தனியாகக் கூப்பிட்டு, "மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்றேன். அந்தப் பெண் அமைதியாகச் சொன்னார்: "அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்கு வாயில் வரவில்லை என்பதுதான் உண்மை. தையல் போடப் பழகியிருக்கிறேன், குழாய் போடப் பழகியிருக்கிறேன், இதைப் பழகியதே இல்லை. இதையும் கை பழகுவதுபோல வாய் பழக வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது வாரம் ஒருமுறை அரை மணி நேரம் இதற்கென்றே உட்காருகிறோம். ஒருவர் நோயாளியாக, ஒருவர் சீனியராக, ஒருவர் பக்கத்தில் நிற்பவராக. வாக்கியங்கள் மிகச் சின்னவை. "இவர்தான் உங்கள் மருத்துவர். எனக்கு இவர்மேல் முழு நம்பிக்கை இருக்கிறது." அல்லது, "இந்த வார்டில் அப்படிப் பேசக்கூடாது. உங்கள் வலிக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்." முதல் தடவை சொல்லும்போது எல்லாருக்கும் குரல் நடுங்குகிறது. நான்காவது தடவை நடுங்குவதில்லை. சீனியரே தப்பாகப் பேசினால் என்ன செய்வது என்பதையும் ஒத்திகை பார்க்கிறோம். அங்கே ஜூனியரின் வேலைக்கே ஆபத்து வரலாம். அதனால் அந்தச் சுமையை அவர் தலையில் வைக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் போய் நிற்பது, பிறகு வந்து விசாரிப்பது, நம்பிக்கையான ஒருவரிடம் சொல்வது, இவையும் கணக்கில் வரும். வாய் திறக்கும் கடமை முதலில் எங்களைப் போன்றவர்களுக்கு.

ஒரு விஷயத்தை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. உள்பரிசோதனைக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்று ஒருவர் கேட்பதும், பிறப்பைப் பார்த்து ஒரு மருத்துவரை விலக்குவதும் ஒன்றல்ல. முதலாவதை முடிந்தவரை நிறைவேற்றித் தர வேண்டும். அதன் பின்னால் என்ன காயம் இருக்கிறதோ நமக்குத் தெரியாது. இன்னொன்று, உயிர் போகும் நிலையில் ஒருவர் என்ன பேசினாலும் முதலில் சிகிச்சை. பேச வேண்டியதை நிலைமை சீரானபின் பேசலாம்.

எங்கள் கேஸ் ஷீட்டிலும் ஒரு சின்ன மாற்றம் செய்தோம். மருந்து விட்டுப்போனவர் என்றால் அதற்குக் கீழே 'ஏன் முடியவில்லை?' என்று ஒரு வரி காலியாக இருக்கும். அதை நிரப்பாமல் எனக்குக் கேஸ் சொல்லக் கூடாது. கண்ணாடி உடைந்துவிட்டது, எழுத்து தெரியவில்லை. மருத்துவமனைக்கு வரும் நாளெல்லாம் கூலி போகிறது. சீட்டில் எழுதியிருப்பது அவர் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லை. எந்த மாத்திரை எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. இப்படி ஒவ்வொன்றாக வந்தன.

போன மாதம் ஒரு கேஸ் ஷீட்டில் அந்த வரியில் "கேட்கவில்லை" என்று எழுதியிருந்தது. இரவு டியூட்டி முடிந்து கண் சிவந்து நின்றிருந்த பயிற்சி மருத்துவரின் கையெழுத்து. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே கேஸ் ஷீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நாற்காலியை அந்தப் பெரியவரின் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.