டிரைவிங் ஸ்கூலில் சேர்கிறீர்களா? 21 நாள், 10 மணி நேரம் உங்கள் உரிமை

சொந்தக் கார் ஓட்டப் பழகுகிறவருக்கு டிரைவிங் ஸ்கூல் குறைந்தது 21 நாள் பயிற்சி தர வேண்டும். அதில் குறைந்தது 10 மணி நேரம் அவரே வண்டி ஓட்டியிருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இப்படித்தான் சொல்கின்றன. லாரி, பஸ் என்றால் 30 நாள், 15 மணி நேரம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சேர்ந்தாலும் புதுச்சேரி முதலியார்பேட்டையில் சேர்ந்தாலும் விதி ஒன்றுதான்.

பணம் கட்டுகிற பலருக்கு இது தெரியாது. எங்களுக்கும் தெரியாமல்தான் இருந்தது. என் அக்கா மகள் கடலூரில் ஒரு ஸ்கூலில் சேர்ந்தாள். ஒரு காரில் நான்கு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம். பன்னிரண்டாம் நாள், "டெஸ்ட் தேதி வந்துடுச்சும்மா, ரிவர்ஸ் மட்டும் நல்லாப் பாத்துக்கோ" என்றார்கள். கூட்டிப் பார்த்தால் மூன்று மணி நேரம்தான் ஓட்டியிருக்கிறாள். லைசென்ஸும் வந்துவிட்டது.

அதன் பிறகு ஒருநாள் புதுச்சேரி போகும்போது ரெட்டிச்சாவடி அருகே முன்னால் போன பஸ் ஆள் இறக்க நின்றது. இவள் பிரேக்கை மிதித்தது கடைசி நொடியில். பஸ்ஸின் பின்பக்கத்துக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். "ஸ்கூல் கார் இதைவிட சீக்கிரம் நிக்கும் சித்தி" என்றாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்கூல் காரில் பயிற்சியாளர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருக்க வேண்டும் என்பது விதி. பன்னிரண்டு நாளும் வண்டியை நிறுத்தியது அவர் கால். இவள் தன் கால் என்று நினைத்திருக்கிறாள். ரியர்வியூ கண்ணாடியும் அவர் பக்கமே திரும்பியிருந்ததாம்.

ஆகவே சேரும்போதே கேளுங்கள். ஒவ்வொரு ஸ்கூலும் இரண்டு பதிவேடு வைத்திருக்க வேண்டும். படிவம் 14 சேர்ந்தவர்கள் பட்டியல். படிவம் 15 தான் உங்களுக்கு முக்கியம்: எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓட்டினீர்கள் என்ற கணக்கு. ஓட்டாத நேரத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சாலை விதிகளும் முதலுதவியும்கூடப் பாடத்தில் உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள். விதிப்படி அல்லாமல் லைசென்ஸ் வாங்கித் தர முடியும் என்று ஆசை காட்ட எந்த ஸ்கூலுக்கும் அனுமதி கிடையாது. புகாரை உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். ஸ்கூலின் உரிமத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் விதியில் இடமிருக்கிறது.

"எங்களிடம் படித்தால் டெஸ்ட்டே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். அந்தச் சலுகை 2021இல் வந்த, தனி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களுக்கு மட்டும். அங்கே காருக்கு 4 வாரத்தில் 29 மணி நேரம் பயிற்சி.

எல்எல்ஆர், அதாவது ஓட்டிப் பழகுவதற்கான லைசென்ஸ், 6 மாதம் செல்லும். எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். அதுவரை வண்டியின் முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகை இருக்க வேண்டும்; கார் என்றால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் உட்கார வேண்டும். பைக்கில் தோழனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போவதற்கு எல்எல்ஆர் அனுமதி இல்லை. டெஸ்ட்டில் தவறினால் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 60 நாளை வீணாக்காமல் ஓட்டிப் பழகுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். டியூஷனுக்குத்தானே என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பிள்ளை குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

லைசென்ஸ் வாங்கிய பிறகும் சட்டம் உங்கள் கவனத்தைக் கேட்கிறது. போனைக் கையில் பிடித்துப் பேசிக்கொண்டு ஓட்டுவது ஆபத்தான ஓட்டுதல் என்ற பிரிவில் வருகிறது. முதல் முறைக்கே அபராதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, சிறைக்கும் இடமுண்டு. புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோவிலில் குடித்துவிட்டு பைக்கில் கடலூர் திரும்புகிறவர்களைச் சாயங்காலத்தில் பார்த்தால் வயிறு கலங்குகிறது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அக்கா மகளோடு நானும் அந்த ஸ்கூலுக்குப் போய், விதியைக் காட்டி மீதி ஏழு மணி நேரத்தைக் கேட்டோம். முணுமுணுத்தாலும் கொடுத்தார்கள். ரெட்டிச்சாவடியிலிருந்து அரியாங்குப்பம் வரை பயிற்சியாளர் தன் காலைப் பின்னுக்கு இழுத்து வைத்துக்கொண்டார். கண்ணாடியை அவள் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.