பனி கொன்றதா, தட்டுத் தண்ணீர் கொன்றதா?

தை பிறந்துவிட்டால் தோட்ட வேலை செய்யும் எனக்கு ஒரே மாதிரி போன்தான் வரும். "பனியில செடியெல்லாம் போச்சு தம்பி, புதுசு வைக்கணும், எவ்வளவு ஆகும்?"

போன வாரம் மதுரை ஆனையூரில் ஓர் அக்கா வீட்டு மாடி. ஆறு தொட்டியில் குண்டுமல்லி. இலை பழுத்துக் கொட்டி, வெறும் குச்சிகள். ஒன்றைப் பிடுங்கிக் குப்பைக் கூடையிலேயே போட்டுவிட்டார். அதை எடுத்துத் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினேன். தோலுக்கு அடியில் பச்சை, தொட்டால் ஈரம். "அட, உசுரோட இருக்கே!" என்றார். மற்ற ஐந்தில் நான்கும் பச்சைதான். ஒன்று மட்டும் அடிவரை பழுப்பு, மடக்கினால் படக்கென்று ஒடிந்தது. அந்தத் தொட்டியைக் கவிழ்த்தேன். சாக்கடை வாடை. வேரை விரலால் உருவினால் தோல் கழன்று நூல் மட்டும் கையில் நின்றது. தொட்டிக்குக் கீழே மாடி அழுக்காகாமல் இருக்க வைத்த பிளாஸ்டிக் தட்டு, அதில் விளிம்புவரை தண்ணீர்.

பனி மேல் பழி போடுவதற்கு நம் மொழியும் ஒரு காரணம். புல் நுனியில் நிற்கும் துளியும் பனி, கொடைக்கானலில் புல்தரையை வெள்ளையாக்குவதும் பனி. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழி வேறு. மதுரையில் மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் குளிர் இருக்கும். அந்தக் குளிரில் மல்லி சாகாது, தூங்கும். இலை உதிரும், பூ நிற்கும். பொங்கல் சமயத்தில் மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை கிலோ ஆயிரக்கணக்கில் போவது இதனாலும்தான். தூங்குகிற செடி அதிகம் தண்ணீர் குடிக்காது. நாமோ வாடுகிறதே என்று கோடைக் கணக்கில் ஊற்றுகிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண்ணில் அதுவும் சேர்ந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும்.

உண்மையான உறைபனி மலையில்தான். வானம் தெளிந்து காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டை எல்லாம் விட்டுவிடும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து உள்ளே கிழித்துவிடும். வெயில் ஏறியதும் செம்பருத்தி இலை வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். தொழிலுக்கு வந்த புதிதில் கொடைக்கானலில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் அப்படிக் கருகியதை எல்லாம் அன்றைக்கே சுத்தமாக வெட்டிவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. வெட்டிய இடத்தில் இளந்தளிர் வந்தது, அடுத்த உறைபனியில் அதுவும் கருகி, செடி அடியோடு போனது. கருகிய இலைதான் உள்ளே இருக்கும் மொட்டுக்குப் போர்வை என்பது அப்போது எனக்குத் தெரியாது. மலையில் வீடு வைத்திருப்பவர்கள் உறைபனிக் காலம் முடியும்வரை கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். இரவில் பழைய வேட்டி, சாக்கு எதையாவது போர்த்தி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். டேலியா மேலே கருகினாலும் கிழங்கு கெட்டியாக இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

சரி, மதுரைக்கு வருவோம். பச்சை இருக்கும் மல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள், அதாவது அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். வயல்காரர்கள் இதைக் கார்த்திகையிலேயே முடித்துவிடுவார்கள், வீட்டில் தை மாதத்தில் செய்தாலும் பெரிய நஷ்டமில்லை, பூ கொஞ்சம் தள்ளி வரும். மல்லி புதுத் தளிரில்தான் மொட்டு விடும். வெட்ட மனசு வராதவர்கள் வீட்டில் இலைதான் மண்டும்.

செத்த செடி இருந்த குழியில் அப்படியே புதுக்கன்றை வைக்காதீர்கள். அழுகல் பூஞ்சை அந்த மண்ணிலேயே இருக்கும். மண்ணை வெளியே அள்ளி வெயிலில் பரப்பிக் காயவிட்டு, மக்கிய சாணமும் மணலும் கலந்து நிரப்புங்கள். திருமங்கலம் பக்கம் கரிசல் மண்காரர்களுக்கு மணல் இன்னும் கூடுதலாக வேண்டும். நடுவதை மாசிக்குள் முடித்தால் சித்திரை வெயிலுக்குள் வேர் பிடித்துவிடும்.

தள்ளுவண்டியில் பூவோடு வரும் ரோஜாவைப் பார்த்து மயங்க வேண்டாம். வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகியிருக்கும். வாளித் தண்ணீரில் அதை ஊறவைத்துக் கரைத்துவிட்டு நடுங்கள். உங்கள் பழைய ரோஜாவில் ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே இருந்து கொழுகொழுவென்று ஒரு தளிர் வந்தால் பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்படாதீர்கள், அது காட்டு ரோஜா. கிள்ளி எறியுங்கள்.

ஆனையூர் அக்கா குப்பையில் போட்ட செடியையும் கவாத்து செய்து புதுமண்ணில் வைத்துவிட்டு வந்தேன். தட்டு ஆறையும் அவரே எடுத்துவிட்டார். நான்காம் நாள் போன். "தம்பி, தண்ணி ஊத்தவா?" விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்க்கச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார். "ஈரமாத்தான் இருக்கு." அப்படியென்றால் வேண்டாம் அக்கா, நாளை மறுநாள் பாருங்கள் என்றேன்.