சிமென்ட் பூசும் முன் வீட்டுக்கு அடியில் பாருங்கள்

பழைய வீடு ஒன்றைப் பரிசோதிக்கப் போனால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு நான் முதலில் நுழைவது வீட்டுக்கு அடியில். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹேல் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு வீடு. வெளியே வெள்ளை வினைல் பலகை, அலுமினிய ஜன்னல். நாற்பது வருடத்து வீடு என்றுதான் யாருக்கும் தோன்றும். அடியில் ஊர்ந்துபோய் டார்ச் அடித்தால் கோடரியால் செதுக்கிய பைன் உத்தரங்கள், வெட்டுத் தடம்கூட அழியாமல். இரண்டு அறைகளுக்கும் தனித்தனி அடிக்கட்டை, அதாவது சுவரைத் தாங்கும் அடி உத்தரம். நடுவில் பத்தடிக்கு மட்டும் பிற்காலத்தில் ரம்பத்தில் அறுத்த பலகை. அந்த வீட்டு அம்மா தினமும் உட்கார்ந்து டிவி பார்க்கும் கூடம், ஒரு காலத்தில் முன்னும் பின்னும் திறந்த நடை.

இதை டாக்ட்ராட் வீடு என்பார்கள், நாய் ஓடித் திரியும் நடை என்ற பொருளில். மரக்கட்டை அடுக்கிய இரண்டு அறைகள், இடையில் திறந்த வழி, மேலே ஒரே கூரை. அலபாமாவின் கோடைப் புழுக்கத்தில் வீட்டுக்குள் காற்றை இழுப்பது அந்த வழிதான். பிற்காலத்தில் பல குடும்பங்கள் அதை அடைத்து அறையாக்கிக்கொண்டன. அதில் எனக்கு வருத்தமில்லை. வாழ்கிற வீடு மாறத்தான் செய்யும்.

வருத்தம் வேறு. இந்த வீடுகள் தரையில் உட்காராமல் செங்கல் தூண்கள்மேல் நிற்பவை. அடியில் காற்று ஓடுவதால் மரம் காய்ந்தே இருக்கும். கரையான் ஏறினாலும் தூணில் மண்கோடு தெரிந்துவிடும். குளிர்காலத்தில் தரை ஜில்லென்று இருக்கிறது என்று இங்கே தூண்களுக்கு நடுவே கான்கிரீட் கல் வைத்து அடைத்திருந்தார்கள். குழாய் வேலைக்கு விட்ட ஒரு சந்து மட்டும் மிச்சம். அதற்குள் ஈரவாடை. வடக்குப் பக்க அடிக்கட்டையில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். பிடி வரை இறங்கிவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் தாங்கிய பைன் மரம் அது.

தூண்களிலும் இதே கதை. பழைய செங்கல் உள்ளூரிலேயே சுட்டது, மென்மையானது. அதற்கேற்ற மென்மையான சுண்ணாம்புக் காரையில் கட்டினார்கள். செங்கல்லில் ஏறும் ஈரம் காரை வழியாக வெளியேறிவிடும். காரை உதிர்ந்ததென்று இப்போது போர்ட்லேண்ட் சிமென்ட் வைத்து அடைத்தால், ஈரம் செங்கல் முகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கூடவே உப்பு படிந்து, முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். சில வருடங்களில் சிமென்ட் கோடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்க, செங்கல் உள்ளே குழிந்துபோயிருக்கும். அதுவும் இது பிளாக் பெல்ட் என்னும் கருமண் பட்டை. மழையில் ஊறிப் பெருத்து, வெயிலில் சுருங்கி வெடிக்கும் களிமண். அந்த அசைவைச் சுண்ணாம்பு தாங்கும், சிமென்ட் தாங்காது. பழைய காரையைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் சுண்ணாம்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்புறம் கொத்தனாரிடம் பேசுங்கள்.

இன்னொன்று. "எங்கள் வீடு தேசியப் பதிவேட்டில் இருக்கிறது, இனி யாரும் கைவைக்க முடியாது" என்று பலர் நம்புகிறார்கள். வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களுக்காக 1966 சட்டப்படி வந்த அந்தப் பதிவேடு ஒரு அங்கீகாரம்தான். சொந்தப் பணத்தில் உரிமையாளர் இடிக்க நினைத்தால் அது தடுக்காது. புதுப்பிப்புச் செலவில் 20 சதவீத மத்திய வரிச்சலுகையும் வருமானம் தரும் கட்டடங்களுக்கே. குடியிருக்கும் சொந்த வீட்டுக்குக் கிடையாது. கருப்பினக் குடும்பங்கள் பலவற்றில் உயில் இல்லாமல் நிலம் பத்துப் பதினைந்து வாரிசுகளின் பெயரில் கிடக்கும். பத்திரம் தெளிவாக இல்லாததால் பழுதுபார்க்கும் உதவித்தொகைகூடப் பல சமயம் கைக்கு வராது. முதலில் வக்கீலைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கவுண்டித் தலைநகர் கிரீன்ஸ்பரோவில் 1840 வாக்கில் கட்டிய மாக்னோலியா குரோவ் மாளிகையை அரசே பராமரிக்கிறது. நல்லது. அதே ஊரில் ஒரு ஷாட்கன் வீடு உண்டு. அகலம் குறைவு, அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக. 1968 மார்ச் 21 அன்று கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலிடமிருந்து தப்ப மார்ட்டின் லூதர் கிங் தங்கியது அங்கேதான். இரண்டு வாரத்தில் அவர் கொல்லப்பட்டார். அது இன்று அருங்காட்சியகம். அதே அமைப்பில் கட்டிய எத்தனையோ வீடுகள் கேட்பாரில்லாமல் சரிகின்றன. ஆகவே இடிக்கத்தான் போகிறீர்கள் என்றாலும், ஒரு நாள் பொறுத்து அளவெடுத்துப் படம் பிடித்து வையுங்கள். அலபாமா வரலாற்று ஆணையத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அந்த அம்மாவின் வீட்டில் கான்கிரீட் கற்களை எடுத்துவிட்டுக் கம்பி வலை வைத்தோம். அடிக்கட்டையில் கெட்ட நாலடியை மட்டும் வெட்டி, பழைய பைன் கட்டையையே பொருத்தினோம். குளிருக்குத் தரையில் தடித்த கம்பளம் விரித்தாயிற்று. டிவி அதே கூடத்தில்தான் இருக்கிறது.