எடை போனது, தோல் நின்றது

மொட்டைமாடிக் கொடியில் பெட்ஷீட் காயப்போடக் கையைத் தூக்கினேன். மேல்கைக்கு அடியில் ஏதோ ஒன்று தனியாக ஆடியது. கை நின்ற பிறகும் அது இன்னும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நின்றது. சின்ன வயதில் ஆத்தா பக்கத்தில் படுத்துக்கொண்டு அவர் கைச்சதையைத் தட்டித் தட்டி விளையாடுவோமே, அதே சதை. ஆத்தாவுக்கு அப்போது எழுபது தாண்டியிருக்கும். எனக்கு 51. இரண்டு வருடத்தில் 23 கிலோ குறைத்ததற்குக் கிடைத்த கூலி.

இளைத்தவர்களைப் பார்த்தால் நம் ஊரில் முதல் கேள்வி, "என்ன, சுகரா?" எனக்குச் சுகர் வந்ததால்தான் குறைத்தேன், அதனால் ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டிவிடலாம். அடுத்து வரும் யோசனைதான் என்னை உட்கார்ந்து படிக்க வைத்தது: "நல்லா எக்ஸர்சைஸ் பண்ணுங்க, தோல் தானா இறுகிடும்." சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தோலைப் பற்றி அவர்கள் மனதில் இருக்கும் படமே தவறு. இழுத்துவிட்ட ரப்பர் பேண்ட் கொஞ்ச நாளில் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும் என்பது அந்தப் படம். தொங்குகிற தோல் இழுபட்ட தோல் இல்லை. அது வளர்ந்த தோல்.

முதலில் கொழுப்பு எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம். வியர்வையில் போகிறது, சூடாக மாறிவிடுகிறது என்றெல்லாம் நினைப்போம். ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. என் உடம்பிலிருந்து போன கொழுப்பில் பெரும்பகுதியை நான் ஊதித்தான் தள்ளியிருக்கிறேன். கொழுப்பு என்பது உடம்பு சேமித்து வைத்த எரிபொருள். தேவைப்பட்டால் எடுத்து எரிக்கும், அதற்கென்று ஏற்பாடு இருக்கிறது. தோலை எரிபொருளாக யாரும் சேமிப்பதில்லை. அதை மடித்து, பிரித்து, எரித்துத் தீர்க்க உடம்பில் அப்படியொரு ஏற்பாடும் இல்லை.

எவ்வளவு மிஞ்சுகிறது? இடுப்புச் சுற்றளவு 110 சென்டிமீட்டர் இருந்தவர் 88-க்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 22 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண். விலா எலும்புக்குக் கீழே தொடங்கி அடிவயிறு வரைக்கும், ஒரு சாண் அகலத்துக்கு ஆள் இல்லாத தோல். அதில் ஒரு பகுதி ஓரிரு வருடத்தில் சுருங்கும். மிச்சம் மடிந்து கீழே இறங்கும்.

தோல் வளர்கிறது என்பதற்குச் சரியான சாட்சி பிளாஸ்டிக் சர்ஜரியில் இருக்கிறது. 1957-இல் அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் நியூமன், காதை இழந்த ஒருவருக்குப் புதுக் காது மூடத் தோல் போதாமல், பக்கத்துத் தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினார். சில வாரத்தில் அங்கே கூடுதல் தோல் தயார். 1970-களில் செடோமிர் ராடோவன் இதைச் செம்மைப்படுத்தினார். இன்று தீக்காயத் தழும்பை எடுத்துவிட்டு நல்ல தோலால் மூட இதே முறைதான். வாராவாரம் பலூனுக்குள் உப்புநீர் ஏற்றுவார்கள். மேலே உள்ள தோல் இழுவிசையை உணர்ந்து செல்களைப் பெருக்கும், புது இழை நெய்யும், ரத்தக்குழாய்களைக்கூட நீட்டிக்கொள்ளும். பலூனை எடுத்த பிறகு அந்தத் தோல் காணாமல் போய்விட்டால் சர்ஜனுக்கு என்ன பயன்? போகாது என்ற நம்பிக்கையில்தான் சிகிச்சையே நிற்கிறது. என் வயிற்றுக்குள் இருபது வருடம் ஒரு பலூன் இருந்தது, அவ்வளவுதான். உப்புநீருக்குப் பதில் மாலை நேர போண்டாவும் பரோட்டாவும்.

சரி, பிள்ளை பெற்றவளுக்கு வயிறு வற்றுகிறதே? ஓரளவு வற்றுகிறது, உண்மை. அங்கே இழுபட்டது சில மாதங்கள், பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும். இங்கே இருபது வருடம், அதுவும் ஐம்பது வயதில் வந்து விடுவிக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் தோலே மாறிவிடுகிறது.

தோலின் மேல்பகுதி தாள் மாதிரி மெல்லியது. அதற்கு அடியில் பல இடங்களில் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு நெசவு இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளில் ரோமத்தையும் மேல்தோலையும் சுண்ணாம்பில் ஊறவைத்துக் கழற்றி, அடிப்பக்கத்துச் சதையையும் சீவிவிட்டு, நடுவில் எஞ்சுவதைப் பதப்படுத்துகிறார்களே, அந்தப் பகுதிதான் இது. நாம் செருப்பாகப் போட்டு வருடக்கணக்கில் தேய்க்கும் லெதர் பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழை. தண்ணீரை விட்டுவிட்டுப் பார்த்தால் நம் தோலிலும் முக்கால் பங்கு அதுதான். அதனூடே நூற்றுக்கு இரண்டு, நான்கு பங்குதான் எலாஸ்டின் என்ற இன்னொரு இழை. அளவில் அற்பம், வேலையில் பெரிது.

பாவாடைக்குள் வரும் எலாஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்திருந்தால் இது சட்டென்று புரியும். வெளியே பருத்தி நூல் உறை, உள்ளே மெல்லிய ரப்பர் நூல்கள். இழுத்தால் கிழியாமல் தாங்குவது பருத்தி, விட்டால் திரும்ப இழுத்துக்கொள்வது ரப்பர். நாலைந்து வருடம் துவைத்தபின் ரப்பர் நூல் உள்ளுக்குள் அறுந்துபோகும். துணி அப்படியே இருக்கும், ஆனால் தொளதொள. பருத்தி கொலாஜன், ரப்பர் எலாஸ்டின். சங்கடம் என்னவென்றால் எலாஸ்டினைப் பெரும்பாலும் கருவிலும் சிறுவயதிலும்தான் உடம்பு நெய்கிறது. அதையே வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும். நீண்ட நாள் பருமனாக இருந்து பெருமளவு இளைத்தவர்களின் தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் கொலாஜன் இழைகள் மெலிந்தும் எலாஸ்டின் துண்டு துண்டாகவும் கிடக்கும். வயிற்றிலும் தொடையிலும் வரும் வெள்ளை வரிகள் அந்த நெசவு கிழிந்து தழும்பான இடங்கள்.

கொலாஜனை மட்டும் உடம்பு புதுப்பிக்கிறது, அதுவும் ஆமை வேகத்தில். தோலில் உள்ள கொலாஜனில் பாதி மாற 15 வருடம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயது ஏற ஏற நெசவாளியும் சோர்ந்துபோகிறான். ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற அந்தச் செல், சுற்றியுள்ள இழைகளைப் பிடித்து இழுத்தபடி விறைப்பாக நிற்கும்போதுதான் மும்முரமாக நெய்யும். இழைகள் சிதைந்து பிடிமானம் போனால் செல் சுருண்டுகொள்ளும், உற்பத்தி படுத்துவிடும். தறியில் பாவு தளர்ந்தால் நெய்ய முடியாது, அந்தக் கதைதான். பெண்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோல் கொலாஜனில் 30 சதவீதம் வரை குறையலாம். நான் எடையைக் குறைத்தது சரியாக அந்த ஐந்து வருடத்துக்குள். நேரம் பார்த்துத்தான் செய்திருக்கிறேன்!

வெயிலும் சிகரெட்டும் கொலாஜனை அறுக்கும் என்சைம்களைத் தூண்டிவிடும். முகத்துக்கும் கழுத்துக்கும் இது பெரிய விஷயம். வெயிலே படாத அடிவயிறு தொங்குவதற்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. அங்கே முக்கியமானவை எத்தனை கிலோ, எத்தனை வருடம், எந்த வயது, அப்புறம் அப்பா அம்மா கொடுத்த தோல்.

இப்போது உடற்பயிற்சிக்கு வருவோம். அது தோலைச் சுருக்காது. வயிற்றுக்கு நூறு கிரஞ்சஸ் எடுத்தாலும் மேலே உள்ள தோலுக்குச் சேதியே போகாது. ஆனால் பஞ்சு வற்றிய தலையணைக்கு உறையைச் சின்னதாக்க முடியாவிட்டாலும் பஞ்சைக் கொஞ்சம் அடைக்கலாம், இல்லையா? சோற்றை மட்டும் குறைத்து இளைத்தால் போகிற எடையில் கால் பங்கு அளவுக்குக் கொழுப்பல்லாத திசு போகும், அதில் தசையும் அடக்கம். நான் முதல் ஏழெட்டு மாதம் நடை மட்டும் நடந்து, இரண்டு இட்லியோடு எழுந்து, தொலைத்தது அதைத்தான். மேல்கைத் தசையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டிரைசெப்ஸ் என்ற பின்பக்கத்துத் தசை. அதற்கு டம்பெல் பிடித்த பிறகு கை ஆட்டம் நிற்கவில்லை, ஆனால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. கூடவே புரதம் வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். சாம்பாரில் மிதக்கும் பருப்பை மட்டும் நம்பி இருக்க முடியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அழகைவிட அன்றாடம் படுத்துவது மடிப்பு. அடிவயிற்றுக்குக் கீழே, மார்புக்கு அடியில், தொடை இடுக்கில் தோலும் தோலும் ஒட்டிக்கிடக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அங்கே வியர்வை காயாது. ஊறிய தோல் உரசலில் சிவந்து வெடிக்கும், கேண்டிடா என்ற பூஞ்சை வந்து குடியேறும். சிவந்த திட்டு, அதன் ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். சுகர் இருந்தால் இன்னும் சுலபமாக வரும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஃபேன் காற்றில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு உடை மாற்றுங்கள். வெளியே போகிற நாளில் பழைய மல்வேட்டித் துணியை ஒரு பட்டை கிழித்து மடிப்புக்குள் வைத்துக்கொள்வேன், நனைந்ததும் மாற்றிவிடுவேன். வெளியில் சொல்லக் கூச்சமான சங்கதி, ஆனால் வேலை செய்கிறது.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஏதாவது" என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த கிரீம். எனக்கும் அதைத்தான் தந்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது, மூன்றாவது வாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தோல் டாக்டர் டியூபைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். வீரியமான ஸ்டீராய்டை மடிப்பில் தொடர்ந்து பூசினால் பூஞ்சை பரவும் என்பது ஒரு பக்கம், ஏற்கெனவே இளைத்த நெசவை அது இன்னும் மெலிதாக்கி வரி வரியாகக் கிழித்துவிடும் என்பது மறுபக்கம்.

தோலை இறுக்கும் கிரீம்களுக்கு ஒரு பத்தி போதும். மேல்தோலைத் தாண்டி உள்ளே போக மூலக்கூறின் எடை சுமார் 500 டால்டனுக்குள் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) இருக்க வேண்டும் என்பது மருந்தியலில் ஒரு பொது விதி. கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 3 லட்சம் டால்டன். பூசினால் மேலேயே உட்கார்ந்து ஈரத்தைக் காக்கும், அந்த அளவுக்கு எண்ணெயும் காக்கும். கொலாஜன் பொடியைக் குடித்தால் மற்றப் புரதங்களைப் போல அதுவும் வயிற்றில் செரித்து உடைபடும். தோலின் ஈரப்பதத்தில் சிறு மாற்றம் வரலாம், ஒரு சாண் தோல் எங்கும் போகாது.

சூடு காட்டி இறுக்கும் ரேடியோ அலைச் சிகிச்சை கொஞ்சம் மேல். பறையைத் தீயில் காட்டி விறைப்பேற்றுவது நினைவுக்கு வரும். ஆனால் பறையில் நடப்பது தோலின் ஈரம் வற்றுவது, ஈரக்காற்று பட்டால் மறுபடி தொய்ந்துவிடும். இங்கே 60 டிகிரியை ஒட்டிய சூட்டில் கொலாஜன் இழையே சுருங்குகிறது. அந்தச் சிறு காயத்தை ஆற்ற வரும் செல்கள் புது இழை நெய்கின்றன. லேசான தளர்ச்சிக்குச் சரி. மடிந்து தொங்கும் வயிற்றுக்கு அந்தப் பணத்தைச் செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

மிஞ்சிய தோலை நிஜமாகவே குறைப்பது கத்தி மட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஹோவர்ட் கெல்லி 1899-லேயே தொங்கும் வயிற்றைக் குறுக்காக வெட்டி எடுத்த விவரம் வெளியானது. இன்று செய்வது அதன் நாகரிக வடிவம். ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் வெட்டி, தோலை மேல்நோக்கிப் பிரித்து, விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை நறுக்குவார்கள். இதில் தொப்புள் என்ன ஆகும் என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. அது காம்போடு இருந்த இடத்திலேயே இருக்கும். மேலிருந்து இழுத்து வந்த தோலில் புதுசாக ஒரு துளை போட்டு, பட்டன் ஓட்டை வழியாகப் பட்டனை எடுப்பதுபோல வெளியே எடுத்துத் தைத்துவிடுவார்கள்.

சின்ன ஆபரேஷன் இல்லை. தழும்பு இடுப்பு முழுக்க ஓடும். நம் நிறத்துத் தோலில் அது தடித்து வளரும் வாய்ப்பும் அதிகம். உள்ளே நீர் கோர்க்கலாம். சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தோலின் ஓரம் ரத்தம் கிடைக்காமல் கருகலாம், அதனால் பல வாரங்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சுகர் கட்டுக்குள் இருக்க வேண்டும். எடை ஆறு மாதமாவது ஏறாமல் இறங்காமல் நின்றிருக்க வேண்டும். அழகுக்கான ஆபரேஷன் என்றால் பொதுவாக இன்சூரன்ஸ் கிடைக்காது. மடிப்புப் புண் ஆறாமல் திரும்பத் திரும்ப வருகிறது என்று டாக்டர் பதிவு செய்திருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. போன மாதம் எட்டு ஜாக்கெட்டைப் பிடிக்கக் கொடுத்தேன். டெய்லர் ஒரு பக்கத்துக்கு இரண்டு அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துவிட்டு, மிச்சத் துணியை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார். வெட்டிவிடலாமே, அக்குளில் உறுத்துகிறதே என்றேன்.

"வேணாங்க்கா, இருக்கட்டும். நாளைக்கே பிரிக்கச் சொல்லி வருவாங்க, நான் பார்த்திருக்கேன்" என்றார்.

கொழுப்புச் செல்களும் இப்படித்தான். இளைத்தால் சுருங்குகிறதே தவிர எண்ணிக்கை குறைவதில்லை என்று 2008-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.