பிரசவச் செலவை யார் தலையில் கட்டுவது?

காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிடிக்காத வாடிக்கையாளர் என்று ஒருவர் உண்டென்றால், அடுத்த வருடம் குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கும் பெண்தான் அவர். தீ விபத்துக் காப்பீட்டில் ஆயிரம் பேர் பணம் கட்டுவார்கள், ஓரிருவர் வீடுதான் எரியும். யார் வீடு என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அந்தத் தெரியாமையை நம்பித்தான் காப்பீடு என்ற தொழிலே நடக்கிறது. பிரசவத்தில் அது கிடையாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் மட்டும் பாலிசி எடுப்பார்கள், பிரசவம் முடிந்ததும் விட்டுவிடுவார்கள். அதனால் பிரீமியம் ஏறும். ஏறினால் மற்றவர்கள் விலகுவார்கள், இன்னும் ஏறும். கடைசியில் பிரீமியமும் பிரசவச் செலவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

அமெரிக்காவில் 2014-க்கு முன்பு தனிநபர்கள் சொந்தமாக வாங்கிய பாலிசிகள் பெரும்பாலானவற்றில் பிரசவச் செலவு சேர்க்கப்படாததற்கு இதுதான் காரணம். 2010-இல் ஒபாமா காலத்தில் வந்த சட்டம்தான் அதைக் கட்டாயமாக்கியது.

இதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, யாரும் விலக முடியாதபடி எல்லோரையும் உள்ளே கொண்டுவருவது. 1883-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளர்களுக்குக் கட்டாய நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார். சம்பளத்தில் ஒரு பங்கு, முதலாளியிடமிருந்து ஒரு பங்கு. 1948 ஜூலை 5-ஆம் தேதி பிரிட்டன் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியபோது சந்தா கட்டினாயா என்ற கேள்வியே தேவையில்லாமல் போனது. செலவின் பெரும்பகுதி பொது வரியிலிருந்து வந்துவிடுகிறது. நெதர்லாந்து 2006 முதல் செய்வது இன்னும் சாமர்த்தியமானது. அங்கே தனியார் நிறுவனங்கள்தான் காப்பீடு விற்கின்றன, ஆனால் அடிப்படைக் காப்பீடு கேட்டு வரும் யாரையும் மறுக்க முடியாது. வயது, பாலினம், நோய் நிலை ஆகியவற்றைக் கணக்கிட்டு, செலவு அதிகம் வரக்கூடியவர்களைச் சேர்த்துக்கொண்ட நிறுவனத்துக்கு ஒரு பொது நிதி ஈடுகட்டிவிடுகிறது. கர்ப்பிணியைத் தட்டிக்கழித்தால் வரும் லாபம் அங்கே பெரிதாக இல்லை.

அமெரிக்காவின் கதையைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். 1942-இல், போர்க்காலத்தில், சம்பள உயர்வுக்கு அரசு தடை போட்டது. மருத்துவக் காப்பீடு அந்தத் தடைக்குள் வரவில்லை. ஆள் கிடைக்காத கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதில் காப்பீடு தந்து ஆள் பிடித்தன. போர் முடிந்தது, பழக்கம் நிலைத்துவிட்டது. அதில் இடம் கிடைக்காத ஏழைகளுக்காக 1965-இல் மெடிக்கெய்டு என்ற அரசுக் காப்பீடு வந்தது. இன்று அந்த நாட்டுப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு அதுதான் பணம் கட்டுகிறது.

எல்லோரையும் உள்ளே கொண்டுவந்த பிறகும் சிக்கல் தீர்ந்துவிடாது. ஜப்பானைப் பாருங்கள். 1961 முதல் அங்கே அனைவருக்கும் காப்பீடு உண்டு. ஆனால் காப்பீடு நோய்க்குத்தான், சுகப்பிரசவம் நோய் அல்ல. ஆகவே சிசேரியனுக்குக் காப்பீடு பணம் தரும், சுகப்பிரசவத்துக்குத் தராது! அதற்குப் பதிலாக ஒரு மொத்தத் தொகை கொடுத்தார்கள்: 1994-இல் 3 லட்சம் யென், 2009-இல் 4,20,000, 2023 ஏப்ரலிலிருந்து 5 லட்சம். காப்பீட்டுக்குள் வரும் சிகிச்சைக்கெல்லாம் அரசு விலை நிர்ணயிக்கிறது. சுகப்பிரசவம் வெளியே நிற்பதால் அதற்கு மட்டும் மருத்துவமனை வைத்ததே விலை. தொகை ஏற ஏறக் கட்டணமும் ஏறியது. பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலையைச் சந்தையிடம் விட்டால் வேறென்ன நடக்கும்? பிரான்ஸ் இதற்கு நேர் எதிர். கர்ப்பத்தின் ஆறாம் மாதத்திலிருந்து பிரசவமாகி 12 நாள் வரை, கர்ப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத சிகிச்சைக்கும்கூட நிர்ணயித்த கட்டணத்தை முழுதாகக் காப்பீடே ஏற்கிறது.

சரி, ஆஸ்பத்திரி பில் ஒன்று. விடுப்பில் இருக்கும் மாதங்களுக்கான சம்பளம் இன்னொன்று. இதைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். இந்தியாவில் 2017-இல் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் ஈ.எஸ்.ஐ. என்ற அரசின் தொழிலாளர் காப்பீட்டு வரம்புக்குள் வராத பெண்களுக்கு முழுச் சம்பளத்தையும் அந்த முதலாளியே தர வேண்டும் என்று வைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனம், கல்யாணமான இளம்பெண்ணின் விண்ணப்பத்தை என்ன கண்ணோடு பார்க்கும்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே, தனிப்பட்ட முதலாளி மேல் இந்தச் செலவைச் சுமத்தக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. அப்படிச் சுமத்தினால் சட்டம் தந்த சலுகையே அந்தப் பெண்ணின் வேலைக்கு உலை வைக்கும்.

ஜெர்மனி இந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்குப் பிடிக்கும். அங்கே மகப்பேறு விடுப்பில் நோய்க் காப்பீட்டு நிதி நாளொன்றுக்கு அதிகபட்சம் 13 யூரோ தரும், சம்பளத்தில் மீதியை முதலாளி தர வேண்டும். முன்பு சின்ன நிறுவனங்களுக்கு மட்டும் அது திரும்பக் கிடைத்தது. இந்த ஏற்பாடு பெண்களுக்கு வேலை தருவதைத் தடுக்கிறது என்று 2003-இல் அரசியல் சாசன நீதிமன்றம் குற்றம் கண்டது. 2006 முதல் எல்லா நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்கு மாதாமாதம் சிறு தொகை கட்டுகின்றன. முதலாளி கொடுத்தது முழுதும் அதிலிருந்து திரும்ப வந்துவிடும். ஆண்கள் மட்டுமே வேலை பார்க்கும் பட்டறையும் இதைக் கட்டியாக வேண்டும். பெண்ணே வேண்டாம் என்று ஒதுக்கினாலும் ஒரு பைசா மிச்சமாகாது.

அப்புறம் மருத்துவர் பக்கம். பிரேசிலின் தனியார் மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில் எண்பது சதவீதத்துக்கு மேல் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் அதைவிட மிகக் குறைவு. சிசேரியனுக்கும் சுகப்பிரசவத்துக்கும் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது, இரவெல்லாம் காத்திருப்பதைவிட நாள் குறித்து ஒரு மணி நேரத்தில் முடிப்பது மருத்துவருக்கு வசதி. வலியைப் பற்றிய பயம், வழக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் இது என்றாலும், பணம் கொடுக்கும் முறைக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்து 2013-இல் கொண்டுவந்த மாற்றம் இங்கேதான் கைவைத்தது. பிரசவத்துக்கான தொகை சிசேரியனா சுகப்பிரசவமா என்பதைப் பார்க்காமல், சிக்கல் இருந்ததா இல்லையா என்பதைப் பார்த்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.